பெயர் சொல்லிப் பகிர்வோம்: திரைப்படத் துண்டுக் காட்சிகளும் எழுதப்படாத அனுமதியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் நம் எல்லோருடைய கைப்பேசியிலும் நாள்தோறும் ஓடுகிற அரை நிமிடக் காட்சி. ஒரு படத்திலிருந்து யாரோ ஒருவர் ஒரு காட்சியை வெட்டி யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ ஏற்றுகிறார். லட்சம் பேர் பார்க்கிறார்கள். அவர் அந்தப் படத்துக்குக் காசு வாங்காமல் விளம்பரம் செய்தவரா, அந்தப் படத்திலிருந்து ஒரு பகுதியைத் திருடியவரா?

ரசிகரைக் கேட்டால் விளம்பரம் என்பார். தயாரிப்பாளரைக் கேட்டால், படம் வெளியாவதற்கு முந்தைய வாரம் ஒரு பதில் வரும். வெளியான வாரம் வேறு பதில் வரும். இந்த இரட்டை நிலைதான் என் கவலை. ஆகவே இன்று நான் வலியுறுத்த விரும்புவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துண்டுக் காட்சிகளைப் பகிர்வதற்கான அனுமதியைப் படத்தின் உரிமையாளர்கள் வெளிப்படையாக எழுதித் தரவேண்டும். பகிர்கிறவர்கள் படத்தின் பெயரைச் சொல்லிப் பகிரவேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் துண்டுக் காட்சி விளம்பரமாகும்.

1. வானொலி சொல்லாத பெயர்

படத்தைத் துண்டு துண்டாக ஊருக்குக் கொண்டுபோகும் பழக்கம் இணையத்துக்கு மிக முந்தியது. கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். அதில் கதைச்சுருக்கம் பாதி வழியில் நிற்கும். மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்திருப்பார்கள். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ போன்ற படங்களின் வசனங்கள் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில் முழங்கின. வானொலி ஒரு படத்தின் ஒலியைச் சுருக்கி ‘ஒலிச்சித்திரம்’ என்று ஒலிபரப்பியது. தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை மாலை ‘ஒலியும் ஒளியும்’ வந்தபோது, தொலைக்காட்சி இருந்த வீட்டில் தெருவே கூடியது. இவை எல்லாமே துண்டுகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அனுமதி இருந்தது. ஒவ்வொன்றும் படத்தின் பெயரைத் தாங்கி நின்றது.

பெயர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். திரைப்பாடல்கள் மீது அவருக்கு நல்ல எண்ணம் கிடையாது. பாட்டை ஒலிபரப்பும்போது படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகிவிடும் என்று அகில இந்திய வானொலி கருதியது. பாடகர் பெயரை மட்டும் சொல்லிப் படத்தின் பெயரை விட்டுவிட்டார்கள். தயாரிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். பாடல்களை ஒலிபரப்புவதற்குத் தந்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த இடைவெளியில்தான் நம் ஊர் வானொலிப் பெட்டிகளின் முள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பியது. 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித் பாரதி தொடங்கிய பிறகே இந்திய வானொலி நேயர்களைத் திரும்பப் பெறத் தொடங்கியது.

இந்தச் செய்தியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பாட்டு முழுதாக, திரும்பத் திரும்ப ஒலிக்கும் வாய்ப்பு இருந்தும் தயாரிப்பாளர்கள் அதை வேண்டாம் என்றார்கள். பெயரில்லாமல் ஒலிக்கும் பாட்டு கொட்டகைக்கு ஆள் அனுப்பாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று இணையத்தில் ஓடும் துண்டுக் காட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு நேர்ந்திருப்பது இதுவே. கீழே கருத்துப் பகுதியில் ஒருவர், “இது என்ன படம்?” என்று கேட்பார். அவருக்குக் கீழே பத்துப் பேர் அதையே கேட்டிருப்பார்கள். பதில் இருக்காது.

2. வழக்குப் போட்டவரே ஏற்றிய காட்சிகள்

எழுதப்படாத அனுமதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். பாரமவுன்ட் பிக்சர்ஸ், எம்டிவி, காமெடி சென்ட்ரல் ஆகியவற்றின் அன்றைய உரிமையாளரான வயாகாம் நிறுவனம் 2007 பிப்ரவரியில் தன்னுடைய காட்சிகள் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை நீக்கும்படி யூடியூபிடம் சொன்னது. அடுத்த மாதம், 100 கோடி டாலர் இழப்பீடு கேட்டு நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது.

வழக்கு நடந்தபோது யூடியூப் தரப்பு ஒரு வாதத்தை முன்வைத்தது. வயாகாம் தன் படங்களையும் நிகழ்ச்சிகளையும் பரப்புவதற்காக 18 விளம்பர முகவர்களை அமர்த்தி, அதே யூடியூபில் காட்சிகளைக் கமுக்கமாக ஏற்றியது என்றது. பொய்யான மின்னஞ்சல் முகவரிகளில் கணக்குத் தொடங்கினார்கள். நிறுவனத்தின் கணினியிலிருந்து போனது தெரியக்கூடாது என்பதற்காக ஊழியர்களை வெளியே நகலெடுக்கும் கடைக்கு அனுப்பினார்கள். ரசிகர் யாரோ திருட்டுத்தனமாக ஏற்றியதுபோல் தெரியவேண்டும் என்று காட்சியின் தரத்தை வேண்டுமென்றே கெடுத்தார்கள். பிறகு அவர்களே அதை நீக்கச் சொல்லிவிட்டு, தவறு தெரிந்ததும் திரும்ப ஏற்றச் சொல்லிக் கேட்டார்கள். இவ்வளவும் யூடியூப் தரப்பின் வாதம்.

நீதிபதி லூயிஸ் ஸ்டான்டன் 2010 ஜூனில் யூடியூபுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் ஒரு பகுதியை மாற்றித் திருப்பி அனுப்பியது. 2013இல் மீண்டும் யூடியூபுக்கே சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2014 மார்ச்சில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

தீர்ப்பைவிட இந்த வழக்கு வெளிப்படுத்திய மனநிலை நமக்குப் பாடம். ரசிகரின் பகிர்வு எவ்வளவு வலிமையானது என்பது நிறுவனத்துக்குத் தெரியும். யூடியூப் சொன்னபடி பார்த்தால், அதனால்தான் ரசிகரைப்போல வேடமிட்டுப் பகிர்ந்தது. அதே வேலையை உண்மையான ரசிகர் செய்தபோது வழக்குத் தொடுத்தது. எந்தக் காட்சி அனுமதியோடு வந்தது, எது அனுமதியில்லாமல் வந்தது என்பதை அந்த நிறுவனத்தாலேயே பிரித்தறிய முடியாத நிலை ஏற்பட்டது. அனுமதி எழுத்தில் இருந்திருந்தால் ஏழாண்டு வழக்குக்கு வேலை குறைந்திருக்கும்.

3. துண்டுக் காட்சி ஆள் சேர்க்கிறதா?

துண்டுக் காட்சியால் படத்துக்கு லாபம்தானே என்று மேலோட்டமாகச் சொல்லிவிட முடியாது. இரு பக்கமும் சான்றுகள் இருக்கின்றன.

‘டவுன்ஃபால்’ என்ற ஜெர்மானியப் படம் 2004இல் வந்தது. ஹிட்லரின் கடைசி நாட்கள்தான் கதை. நிலவறைக்குள் ஹிட்லராக நடித்த புரூனோ கான்ஸ் தன் தளபதிகளிடம் வெடித்துச் சீறும் காட்சிக்கு, உலகெங்கும் பல மொழிக்காரர்கள் தாங்கள் விரும்பிய வசனத்தை எழுத்தாகப் போட்டுப் பரப்பினார்கள். இயக்குநர் ஒலிவர் ஹிர்ஷ்பீகல் அவற்றை ரசிப்பதாகச் சொன்னார். தயாரிப்பு நிறுவனமான கான்ஸ்டான்டின் 2010 ஏப்ரலில் அவற்றை நீக்கத் தொடங்கியது. அந்தக் காட்சிகளால் படத்தின் விற்பனை கூடியதாகத் தெரியவில்லை என்பது நிறுவனத் தரப்பின் கருத்து. அந்த ஆண்டு முடிவதற்குள் அதே நிறுவனம் வழியை மாற்றிக்கொண்டு, நீக்குவதற்குப் பதிலாக அவற்றில் விளம்பரம் போட்டு வருவாயை எடுத்துக்கொண்டது.

நம் பக்கம் வருவோம். 2011 நவம்பரில் ‘ஒய் திஸ் கொலவெறி டி’ உலகம் முழுக்கப் பாடப்பட்டது. இறுதி வடிவம் பெறாத பதிவு முன்னதாகவே கசிந்துவிட்டதால், முறையான பதிவை அவசரமாக வெளியிட்டார்கள். அந்தப் பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பில் ஒரு பங்குகூட 2012 மார்ச்சில் வந்த ‘3’ படத்துக்குக் கிடைக்கவில்லை. ‘மாரி 2’ படத்தின் ‘ரௌடி பேபி’ பாடல் யூடியூபில் 100 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. படம் அந்த உயரத்தின் பக்கத்தில்கூடப் போகவில்லை. துண்டு தன்னளவில் நிறைவானதாக இருந்தால், பார்த்தவர் அதோடு நிறைவடைந்து போய்விடுகிறார்.

எதிர்ப்பக்கச் சான்று ‘கில்லி’. 2004இல் வந்த படம் 2024 ஏப்ரல் 20ஆம் தேதி மறுபடி வெளியானபோது திரையரங்குகள் நிரம்பின. படம் முதலில் வந்தபோது பிறந்திராதவர்கள்கூட வில்லன் முத்துப்பாண்டியின் வசனத்தை அவரோடு சேர்ந்து ஒப்பித்தார்கள். இருபது ஆண்டுகளாகத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அந்தப் படத்தைத் துண்டு துண்டாக ஊட்டி வளர்த்திருந்தன. கதை தெரிந்தவர்கள், காட்சி மனப்பாடமானவர்கள், கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்பதற்காகக் காசு கொடுத்து வந்தார்கள்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது நேசமணி. 2001இல் சித்திக் இயக்கிய ‘பிரண்ட்ஸ்’ படத்தில், அரண்மனையில் வேலை நடக்கும்போது கான்ட்ராக்டர் நேசமணியாக வரும் வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழும். 2019 மே மாதக் கடைசியில் முகநூலில் யாரோ ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்கப்போக, நம்மவர் ஒருவர் இதனால்தான் நேசமணிக்கு மண்டை உடைந்தது என்று எழுத, நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்பது உலக அளவில் டிரெண்டானது. யார் இந்த நேசமணி என்று தமிழ் தெரியாதவர்கள் கேட்டார்கள். பதினெட்டு ஆண்டுப் பழைய நகைச்சுவைக் காட்சிக்கு உலகமே திரும்பிப் பார்த்த அந்த நாளில், வந்து கேட்டவர்களைப் படத்திடம் அழைத்துப்போக முறையான ஏற்பாடு எதுவும் தயாராக இல்லை. கூட்டம் சேர்ந்தது, கலைந்தது. விளம்பரத்துக்குத் துண்டுக் காட்சி மட்டும் போதாது, அதிலிருந்து படத்துக்குப் போகும் வழியும் வேண்டும் என்பதை நான் நேசமணியிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

4. படத்தையே தின்றுவிடும் துண்டு

எல்லாப் பகிர்வையும் நான் ஆதரிக்கவில்லை. ஜப்பானில் ‘ஃபாஸ்ட் சினிமா’ என்று ஒரு வகை பரவியது. இரண்டு மணி நேரப் படத்தின் காட்சிகளைத் தொகுத்து, பின்னணியில் கதையைச் சொல்லி, முடிவு வரைக்கும் பத்து நிமிடத்தில் காட்டிவிடுவார்கள். 2021 ஜூனில் மியாகி மாநிலக் காவல் துறை இதற்காகச் சிலரைக் கைது செய்தது. 13 நிறுவனங்கள் தொடுத்த உரிமையியல் வழக்கில் 2022 நவம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், இருவர் சேர்ந்து 50 கோடி யென் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு பார்வைக்கு 200 யென் என்று நீதிமன்றம் கணக்கிட்டது.

அந்தக் கணக்கின் அடிப்படை எனக்குச் சரியாகவே படுகிறது. அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்தவருக்குப் படத்தில் காண மீதி எதுவும் இல்லை. நம் பாட்டுப் புத்தகக்காரர்கள் கதையைப் பாதியில் நிறுத்திய அறிவு இதற்கு நேர் எதிரானது. தமிழிலும் ‘கதைச் சுருக்கம்’, ‘படம் விளக்கம்’ என்ற பெயரில் முடிவு வரை சொல்லும் காணொளிகள் ஏராளமாக வருகின்றன. அவை விமர்சனமும் இல்லை, விளம்பரமும் இல்லை.

திரையரங்கில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, நாயகன் அறிமுகத்தையும் கடைசிக் காட்சியையும் எடுத்து ஸ்டேட்டஸாக வைப்பதும் இந்த வகையில் சேரும். அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டு திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி, திரையரங்கில் அனுமதியின்றிப் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்கி, படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை போகலாம். இதை நம் மாணவர்கள் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

5. சட்டம் எங்கே நிற்கிறது?

நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் கையாள்வதை அனுமதிக்கிறது. எத்தனை விநாடி நியாயம் என்று அதில் எண் கிடையாது. முப்பது விநாடிக்குள் இருந்தால் தப்பில்லை என்று யூடியூபர்களிடையே உலவும் நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ‘விளம்பரத்துக்காக’ என்ற விலக்கும் அந்தப் பட்டியலில் இல்லை. ரசிகர் என்னதான் நல்லெண்ணத்தோடு பகிர்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவருக்கு நிழல் கிடையாது.

நீதிமன்றங்கள் சில இடங்களில் கைகொடுத்திருக்கின்றன. பாடகி வசுந்தரா தாஸ் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தான் பாடிய பாடல்களிலிருந்து சில வரிகளைப் பாட, பின்னணியில் அந்தப் படங்களின் காட்சிகள் சிறிது ஓடின. யஷ்ராஜ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2012இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, இவ்வளவு அற்பமான பயன்பாட்டைச் சட்டம் பொருட்படுத்தத் தேவையில்லை என்றது. அந்தப் பொருட்படுத்தாமையை எவரும் முன்கூட்டியே நம்பிவிட முடியாது. 2024 நவம்பரில், ‘நானும் ரௌடிதான்’ படப்பிடிப்பில் எடுத்த 3 விநாடிக் காட்சிக்காகத் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து தனக்கு 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்ததாக நடிகை நயன்தாரா பகிரங்கக் கடிதம் எழுதினார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லும். 3 விநாடிக்கு இத்தனை பெரிய சண்டை வருகிறது என்றால், தென்காசியிலிருந்து ஒரு ரசிகர் ஏற்றும் 40 விநாடிக்கு என்ன பாதுகாப்பு?

நடைமுறையில் இன்று நீதிபதியின் இடத்தில் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’ 2007இல் வந்தது. உரிமையாளர் தன் படத்தை அதனிடம் கொடுத்துவிட்டால், ஏறுகிற காணொளிகளை எல்லாம் அது ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் தடுக்கலாம், கண்காணிக்கலாம், விளம்பர வருவாயைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். மூன்றாவது வழியைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அது நல்ல வழிதான். ஆனால் இந்தத் தேர்வு ரசிகருக்கு முன்கூட்டித் தெரியாது. இதுபோக, உரிமையாளர் முறைப்படி புகார் கொடுத்து 90 நாட்களுக்குள் மூன்று முறை எச்சரிக்கை வந்துவிட்டால் ரசிகருடைய சேனலே போய்விடும்.

6. இயந்திரத்துக்குப் பயந்து சிதையும் படம்

பகிர்கிறவர்கள் இயந்திரத்திடமிருந்து தப்பிக்கச் செய்யும் வேலைகளால்தான் படத்துக்கு உண்மையான சேதம். காட்சியைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்புகிறார்கள். கடைப் பலகையின் எழுத்து இடவலம் மாறி ஓடுகிறது. வலக்கையால் வீசியவர் இடக்கையால் வீசுகிறார். குரலின் சுருதியைக் கூட்டிவிடுவதால் நாம் அறிந்த நடிகரின் குரல் யாரோ ஒருவரின் குரலாகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய சேதம் சட்டகத்தில் நடக்கிறது. ஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2.39 மடங்கு. அதைக் கைப்பேசியின் நெட்டுத் திரைக்கு வெட்டினால், அகலத்தில் நான்கில் ஒரு பங்குகூட மிஞ்சாது. வகுப்பில் மாணவர்களிடம் இதைச் செய்துபார்க்கச் சொல்வேன். இடது ஓரத்தில் கணவன், வலது ஓரத்தில் மனைவி, நடுவில் வெறும் சாப்பாட்டு மேசை. அவர்களுக்கிடையே இருக்கும் விலகலைத்தான் ஒளிப்பதிவாளர் அந்த அகலத்தில் எழுதியிருக்கிறார். நடுவில் வெட்டினால் மேசை மட்டும் தெரியும். வெட்டும் மென்பொருளிடம் விட்டால், பேசுகிற முகத்தைத் தேடிப் பிடிக்கும். அவன் பேசும்போது அவளைக் காணோம். அவள் கேட்டுக்கொண்டிருக்கும் முகம்தான் அந்தக் காட்சியின் உயிர். நல்ல நடிப்பில் பாதி, கேட்பதில் இருக்கிறது. அந்தப் பாதியைத் தொலைத்துவிட்ட துண்டு, இல்லாத ஒரு படத்துக்கு விளம்பரம் செய்கிறது.

7. எழுதித் தாருங்கள்

அனுமதியை எழுதித் தருவது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு முன்மாதிரிகள் சொல்வேன். நின்டென்டோ நிறுவனம் தன் விளையாட்டுக் காணொளிகளைப் பகிர்ந்தவர்களின் விளம்பர வருவாயைப் பல ஆண்டுகள் உரிமை கோரி எடுத்துக்கொண்டிருந்தது. 2018 நவம்பரில் அந்த வழியை விட்டு, எதைப் பகிரலாம், எப்படிப் பகிரலாம் என்று பொது விதிகளை வெளியிட்டது. விதிக்கு உட்பட்டுப் பகிர்கிறவர் யாரிடமும் தனியாகக் கேட்கவேண்டியதில்லை. ‘ஃபாஸ்ட் சினிமா’வுக்குக் கடுமை காட்டிய அதே ஜப்பானில், ஜிப்லி ஸ்டுடியோ 2020 செப்டம்பரில் தன்னுடைய 8 படங்களிலிருந்து 400 நிழற்படங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இயல்பறிவுக்கு உட்பட்டுத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பதே அதன் நிபந்தனை. கண்டிப்பும் தாராளமும் ஒரே நாட்டில், ஒரே தொழிலில், ஒன்றுக்கொன்று முரணின்றி நிற்கின்றன. எல்லை எழுத்தில் இருப்பதுதான் காரணம்.

நம் தயாரிப்பாளர் சங்கங்கள் இப்படியொரு மாதிரி அனுமதியை வகுக்கலாம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு துண்டு எத்தனை விநாடி வரை இருக்கலாம். படம் வெளியாகி எத்தனை நாள் கழித்துப் பகிரலாம். எந்தக் காட்சிகளைத் தொடக்கூடாது. திரையரங்கில் எடுத்ததற்கு அனுமதி இல்லை. படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர் பெயர், முறையாகப் பார்க்கும் இடத்துக்கான இணைப்பு ஆகியவை கட்டாயம். விளம்பர வருவாய் யாருக்கு. இடவலம் திருப்பாமல், சட்டகத்தைச் சிதைக்காமல் பகிரவேண்டும். இவ்வளவுதான். கூடவே, படத்தின் முழு அகலத்தோடு ஐந்தாறு காட்சிகளை நல்ல தரத்தில் தயாரிப்பாளரே எடுத்துத் தந்துவிட்டால், திருட்டுப் பிரதியைத் தேடிப் போகும் தேவையே பாதி குறையும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்ப் படம் ஒன்றின் உரிமை ஒரே கையில் இருப்பதில்லை. பாட்டு ஆடியோ நிறுவனத்திடம், ஒளிபரப்பு தொலைக்காட்சியிடம், இணைய உரிமை ஓடிடியிடம், நெகட்டிவ் உரிமை சில சமயம் வேறொருவரிடம். தயாரிப்பாளர் தந்த அனுமதியை இன்னொருவர் மறுக்க முடியும். ஆகவே உரிமைகளை விற்கும் ஒப்பந்தத்திலேயே ரசிகர் பகிர்வுக்கான பிரிவைச் சேர்க்கவேண்டும். விற்ற பிறகு கெஞ்சுவதைவிட விற்கும்போது எழுதிக்கொள்வது எளிது.

விமர்சகர்களும் ஆசிரியர்களும் இந்த அனுமதியின் தயவில் இருக்கவேண்டியதில்லை. அவர்களுடைய உரிமை 52ஆம் பிரிவிலிருந்து வருகிறது. படத்தைக் குறை சொன்ன விமர்சனக் காணொளியைப் பதிப்புரிமைப் புகாரால் நீக்கவைப்பது, அனுமதி எழுதித் தருகிற பெருந்தன்மையோடு சேராது.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பகிரும் காட்சியை எழுதியவர், ஒளிப்பதிவு செய்தவர், வெட்டித் தொகுத்தவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். தயாரிப்பாளர் விதி எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றிலிருந்து, படத்தின் பெயரையும் ஆண்டையும் இயக்குநர் பெயரையும் எழுதாமல் எதையும் பகிராதீர்கள். முடிவைக் காட்டாதீர்கள். திரையரங்கில் கைப்பேசியை எடுக்காதீர்கள்.

தயாரிப்பாளர்களே, ரசிகர்கள் உங்களிடம் சம்பளம் கேட்கவில்லை. எதுவரை போகலாம் என்று சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். அடுத்த படத்தின் முதல் பார்வை வெளியாகும் நாளிலேயே அந்த ஒரு பக்க அனுமதியையும் வெளியிடுங்கள். முதலில் துணிகிற ஒரு நிறுவனம் போதும்; மற்றவர்கள் பின்தொடர்வார்கள்.